முதல் கிட்டார்காரர்

எங்கள் இன்னிசைக் குழுவில் முதல் கிட்டார் வாசித்தவரை, இரண்டாம் கிட்டார் வாசித்த எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஒட்டிய கன்னம், சாயம் பூசிய முடி. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தன் அமெரிக்க எலெக்ட்ரிக் கிட்டாரை மெல்லிய துணியால் துடைப்பார். நான் நாகர்கோவிலில் வாங்கிய மலிவான கிட்டாரை ‘வெறகு’ என்பார்.

“வெல கூடுனாலும் கொறஞ்சாலும் சத்தம் ஒண்ணுதான்” என்று ஒருநாள் அவர் காதுபடச் சொன்னேன்.

“ஒனக்கு ஒண்ணாத்தான் கேக்கும். ஒனக்க காதும் வெல கொறஞ்சதுல்லா” என்றார்.

ஒரு கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. பாட்டின் நடுவே யாரோ ஒயரில் தடுக்கியதில், அவர் கிட்டாரில் ஒயர் செருகும் இடம் உடைந்து சத்தம் நின்றுபோனது. அடுத்த பாட்டு அவர் வாசிப்பை நம்பியே இருந்தது. பாடகி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் என் கிட்டாரைக் கழற்றி நீட்டினேன். உதவும் எண்ணத்தைவிட, அவர் விறகை வாசிப்பதைப் பார்க்கும் ஆசைதான் அதிகம்.

“இத வாசிங்கண்ணே.”

“வேண்டாம்லே. நீயே வாசி.”

மேடை ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்துவிட்டார். அவருடைய பகுதியை நான் வாசித்தேன். நடுவில் தடுமாறினேன். கூட்டம் கைதட்டியது. அவர் கேலி செய்யவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதன்பிறகு குழுவுக்கே வரவில்லை.

பின்னாளில் நண்பன் வீட்டில் விலை உயர்ந்த கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் அவர் பெருமையடித்த அளவுக்கு இல்லை. அன்று அவர் வேண்டாம் என்றது கிட்டாரையா, அதை நீட்டிய என்னையா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.