அப்பா வைத்த ஜெபக் குறிப்பு

அப்பா கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவரிடம் ஜெபம் கேட்டவர்கள்தான். மகள் என்ற முறையில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அத்தை. "வீட்டுச் சண்டைய இதுல எதுக்கும்மா இழுக்கற?" என்றார். மன்னியுங்கள் அத்தை. அதை எடுத்துவிட்டால் அப்பாவின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றும் மிஞ்சாது.

அப்பா பிறந்தது ஆம்பூருக்கு அடுத்து, பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை. படிப்பைப் பாதியில் விட்டு, தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்து, சுண்ணாம்புக் குழியில் தோல் அலசியே தம்பியைப் படிக்க வைத்தார். அவர் கைவெடிப்பு ஆறி நான் பார்த்ததில்லை. சித்தப்பா அதே டேனரிக்கு சூப்பர்வைசராக வந்த அன்று தெருவுக்கே பிரியாணி போட்டவர் அப்பா. பிறகு என் அண்ணனையும் அங்கேயே சேர்த்தார். "சித்தப்பன் இருக்கான், பாத்துக்குவான்" என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க அண்ணனை இறக்கியவர் சித்தப்பா. உள்ளே விஷவாயு. இறங்கிய அண்ணன் ஏறி வரவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். அவன்தான் பேச்ச கேக்காம எறங்கிட்டான்" என்றார் சித்தப்பா. அப்பா பக்கத்தில்தான் நின்றார். சித்தப்பாவின் வேலை தப்பியது. என் அண்ணன் பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன். அதனால்தான் இறங்கினான்.

அப்பா சண்டைக்குப் போகவில்லை. அவர் மனதில் இருந்தது மாலை ஜெபத்தில்தான் தெரிந்தது. பரமண்டல ஜெபத்தைக் கணீரென்று தொடங்குவார். குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வரும் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அம்மாவும் நானும் அதைச் சொல்லி முடித்த பிறகு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "கர்த்தர்கிட்டயே பொய் சொல்ல சொல்றியா?" என்றார்.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தியவரும் அப்பாதான். "யாருக்கு இன்னா குறிப்பு?" என்று கேட்பார். பிள்ளையின் பரீட்சை, சர்க்கரை வியாதி, துபாய் விசா என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். தனக்கென்று அவர் ஒன்றும் வைத்ததில்லை. தம்பியை மன்னித்து ஒப்புரவாகச் சொன்ன போதகரிடமும், "நானே பண்ணிடறேன் ஐயா, கொஞ்சம் டைம் குடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரத்தோல் கட்டைத் தூக்கவே இன்னொரு ஆளைக் கூப்பிடாத மனிதர் அவர்.

நுரையீரல் கெட்டு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோருடைய குறிப்பும் முடிந்ததும் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு இருக்குது. என் தம்பிய மன்னிக்க என்னால முடியல. நானே செஞ்சிடலாம்னு இத்தினி வருஷம் வீம்பா இருந்துட்டேன். கர்த்தர் உதவி பண்ணணும்னு கேளுங்க."

சித்தப்பாவின் மனைவி, என் சித்தியும் அங்கே இருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் சித்திதான், "ஆண்டவரே, எங்க மாமாவுக்கு உதவி பண்ணுங்க" என்று அழுதபடி ஜெபித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, தலைகுனிய வேண்டியவர் என் அப்பாவா?

அதன்பின் வாராவாரம் அதே குறிப்பு. "ஆச்சாப்பா?" என்று ஒருநாள் குத்தலாகவே கேட்டேன். "இன்னும் ஆவலம்மா. கேட்டுனுதான் இருக்கேன்" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சித்தப்பா வந்து வார்டு வாசலிலேயே நின்றார். அப்பா கையசைத்தார். "உள்ள வா. மன்னிச்சிட்டேன்னு சொல்ல கூப்பிடல. கர்த்தர்கிட்ட கேட்டுனு இருக்கேன். அவரு குடுக்கற வரைக்கும் இப்படி பக்கத்துல உக்காரு."

சித்தப்பா உட்கார்ந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான்தான் அவன எறங்க சொன்னேன்" என்றார்.

"தெரியும்டா" என்றார் அப்பா.

அன்று மாலை ஜெபத்தில் அந்த வரி வந்தபோது அப்பாவின் உதடு அசைந்தது. குரல் எழும்பவில்லை. மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

கவனித்துக்கொண்ட டாக்டர்கள், நர்சுகள், போதகர், கல்லறை வரை வந்த தெருக்காரர்கள், தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்தி, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிவரை கூடவே இருந்த சித்தப்பாவுக்கும் நன்றி எழுதச் சொன்னார் அம்மா. உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. உண்மையை அவர் அப்பாவின் காதில் சொன்னார். சொல்ல வேண்டிய அதிகாரியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அந்த வரிக்கு வாயை மூடிக்கொள்வது நான். ஆகவே நன்றிக்குப் பதிலாக உங்களிடம் ஒரு ஜெபக் குறிப்பு வைக்கிறேன். சித்தப்பாவை மன்னிக்க என்னால் முடியவில்லை. அப்பாவுக்காவது மன்னிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. முதலில் அந்த ஆசையைக் கொடுக்கும்படி எனக்காகக் கேளுங்கள்.