கனநீரும் வெள்ளைத் திட்டுகளும்

அந்த மழைக்காலத்தில் என் கணக்கு எதுவும் சரியாக வரவில்லை. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சாயம் கலந்த கரைசலில் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சுவோம். சாயம் அந்தச் சக்தியை வாங்கி, கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். சற்று நேரம் அந்த ஆக்சிஜன் முரடாகிவிடும். அருகில் இருப்பதையெல்லாம் தாக்கும். பிறகு அடங்கும். அடங்கும்போது கண்ணுக்குத் தெரியாத மங்கலான ஒளி ஒன்று வரும். அது எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று கருவியில் பார்த்து, அந்த ஆக்சிஜனின் ஆயுளைக் கணக்கிடுவதுதான் என் வேலை.

சாதாரணத் தண்ணீரில் ஆயுள் மிகக் குறைவு. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகை இருக்கும் கனநீரில் பல மடங்கு நீளும். எனக்கோ கனநீரிலும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. சாயத்தை மாற்றினேன். லேசரைக் குறைத்தேன். குப்பிகளைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். தவறு கருவியிலா, என்னிடமா என்றே புரியவில்லை. குழம்பிய தலையோடு லீவு போட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறினேன்.

வீட்டில் வேறு குழப்பம். எங்கள் மாடு கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வெள்ளைத் திட்டு இருந்த இடமெல்லாம் வீங்கி, தோல் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. கறுப்பு இடத்தில் ஒன்றுமே இல்லை.

"யாரோ இன்னாமோ பண்ணிட்டாங்கன்னு ஊர்ல பேசறாங்க" என்றார் அண்ணி.

ஆலங்காயத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர், மாட்டின் கண் மஞ்சளித்திருப்பதைப் பார்த்தார். "உண்ணிச்செடி தின்னிருக்கு. ஈரல் கெட்டுப்போச்சு. தழையோட பச்சையிலருந்து வர்ற கழிவு வெளிய போவாம ரத்தத்துல நிக்குது. அதுமேல வெயில் பட்டா தோலு வெந்துடும். கறுப்புத் தோலு வெயில தடுத்துடுது. இருட்டுல கட்டுங்க" என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்தக் கழிவும் ஒரு சாயம்தான். என் குப்பியில் நடப்பதுதான் இந்தத் தோலிலும் நடக்கிறது. அண்ணனிடம் அவசர அவசரமாக விளக்கினேன்.

"அந்த ஆக்சிஜன் எவ்ளோ நேரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிரம் தடவ செத்துடும்ணா."

"அவ்ளோ சீக்கிரம் சாவறது, இம்மாம்பெரிய மாட்ட எப்டி தோலுரிக்கும்?"

ஒன்று அடங்கினால் வெளிச்சம் இன்னொன்றை எழுப்பும் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. கரைசலில் நான் அளக்கும் ஆயுளுக்கும் உயிருள்ள தோலுக்குள் அதற்கு இருக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்?  அண்ணன் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் போனதும் ஆய்வகத் தோழி புதிய கனநீர்ப் புட்டியின் முத்திரையை உடைத்துக் கொடுத்தாள். ஆயுள் உடனே நீண்டது. பழைய புட்டியை எல்லோரும் திறந்து மூடியதில் மழைக்காற்றின் ஈரம், அதாவது சாதாரணத் தண்ணீர், சேர்ந்துவிட்டது என்றாள் அவள். ஈரம் மட்டுமே அவ்வளவு குறைத்திருக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் புதிதாக வந்த அந்த அளவையே எழுதிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "செத்த தோலு மொத்தமும் உதுந்துட்ச்சு. உள்ள ரோஸா புதுத் தோலு வருது. நல்லா தீனி எடுக்குது. வெளிய வுடலாமா?"

"தெரிலண்ணா. டாக்டரையே கேளு."

"நீயே தெரிலன்னா எப்டி?" என்று சிரித்தார். "சரி, அவரு சொல்றவரைக்கும் பொழுது சாஞ்சப்புறம் வுடறேன்."

அது சரியாகத்தான் பட்டது.