பழுப்புக் கண் தட்டான்

சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்தபோது என் கணவர் அங்கே வேலையில் இருந்தார். அவர் திரும்பி வரவே போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்டோன்மெண்டில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அல்சூரில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். பேச ஆள் இருந்தது வார்டில் மட்டும்தான். அங்கேயும் காய்ச்சல், மருந்து என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, பெரிய தட்டான் ஒன்று வார்டுக்குள் வந்து ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. ஆயா துடைப்பத்தை ஓங்கினாள். ஓரக் கட்டிலில் மலேரியாவோடு கிடந்த இத்தாலியப் போர்க் கைதி, அதுவரை வாயே திறக்காதவன், "நோ!" என்று கத்தினான்.

பிறகு உடைந்த இங்கிலீஷில் என்னிடம் கேட்டான்: "சிஸ்டர், அதற்குக் கண் என்ன நிறம்? பச்சையா?"

ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். "பழுப்பு. கீழே கொஞ்சம் மஞ்சள். உடம்பும் பழுப்புதான். வால் தொடங்கும் இடத்தில் மட்டும் நீலம், சேணம் போட்ட மாதிரி."

அவன் சிரித்தான். அந்த நீலத்தோடு அவன் ஊரிலும் இரண்டு வகை உண்டாம். பச்சைக் கண் அந்த ஊர்க் குளங்களிலேயே பிறப்பது. பழுப்புக் கண் சில வருஷங்களில் மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருவது.

"என் மனைவிதான் முதலில் பார்ப்பாள்," என்றவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தட்டானுக்கு இவ்ளோ பேச்சா? தொறந்து வுடும்மா, போவட்டும்," என்றாள் ஆயா. திறந்தேன்.

அதன் பிறகு டூட்டி முடிந்ததும் தட்டான் பார்க்க அல்சூர் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். பறக்கும்போது கண் நிறம் தெரியாது. எங்காவது வந்து தொங்கும்வரை காத்திருக்க வேண்டும். பார்த்ததெல்லாம் பச்சைக் கண். குழந்தைகளோடு உலாவ வந்தவர்கள், தனியாகக் கோரையையே உற்றுப் பார்த்து நின்ற என்னைக் கண்டு விலகிப் போனார்கள். ஒரு மாலை கோரைத் தண்டில் பழுப்புக் கண் தொங்கியது. கழுத்தை நீட்டி நன்றாகப் பார்த்துக்கொண்டேன். "இங்க பாருங்களேன்!" என்று என்னையறியாமல் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை.

மறுநாள் அவனிடம் சொல்ல வேகமாகப் போனேன். ஓரக் கட்டில் காலி. விடிந்ததுமே முகாமுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஆயா, "இன்னாம்மா, எதுனா சொல்லணுமா?" என்றாள்.

"அந்தத் தட்டான ஏரியில பாத்தேன்."

"அப்டியா," என்றாள். "எதிர்க் கட்டில்காரன் தண்ணி கேக்கறான், பாரு."

தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.