வெள்ளையன் கையால் மட்டும்

1939 பிப்ரவரி 11, சனிக்கிழமை, காலை எட்டரை மணி. சேலத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் இறங்கினேன். பையில் இன்சுலின் குப்பி ஆறு, ஊசி இரண்டு. மூட்டை தூக்க வெள்ளையன் வருவதாக ஏற்பாடு. வந்தது அவருடைய மச்சான் சடையன்.

"மச்சான் போயிட்டாருங்க, சாமி. வியாழக்கெழமெ. காச்சலுங்க."

"கொய்னா கொடுத்தீர்களா?"

"குடுத்தமுங்க. நிக்கலீங்க. நேத்தே அடக்கம் ஆயிருச்சுங்க."

நம் சர்வே முகாமில் வேலை செய்த எல்லோருக்கும், அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் வெள்ளையனைத் தெரியும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. 'இனி இந்த மலையில் எனக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுக்க யாருமில்லை' என்பதுதான் முதலில் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் அப்படித் தோன்றியது என்பதைச் சொன்னால் அவரைப் பற்றிச் சொன்னதாகும்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நீரிழிவு வந்தது. கிழவர்களுக்கு வருகிற வகை அல்ல. என் உடம்பு இன்சுலினே சுரப்பதில்லை. காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் உயிர். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானாலோ, அதிகம் நடந்தாலோ சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அப்போது உடனே இனிப்பு வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம், அதற்குப் பிறகு என்னவென்று சொல்லவேண்டாம். வெல்லம் எப்போதும் என் பையில் உண்டு. ஆனால் சர்க்கரை இறங்கும்போது முதலில் மறந்துபோவது பையில் வெல்லம் இருக்கிறது என்பதுதான். அதனால் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

வெள்ளையன் பக்கத்தில் இல்லை. நூறடி தள்ளி இருந்தார். ஆள் பற்றாக்குறையால் சங்கிலியின் பின்முனையை நானே பிடிப்பேன்; முன்முனை அவரிடம். புதரும் பாறையும் மறைக்கும். என் குரல் மட்டும்தான் அவருக்குக் கேட்கும். அந்தக் குரலை வைத்தே கண்டுபிடித்தார். சேர்ந்து வேலை தொடங்கிய இரண்டாம் மாதம், நான் கத்திக்கொண்டிருந்தபோது சங்கிலியைப் போட்டுவிட்டு மேலேறி வந்து என் வாயருகே வெல்லத்தை நீட்டினார். தின்று தெளிந்தபின் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சாதாக் கோவத்துல எம்பேரச் சொல்லி வைவீங்க. சர்க்கரெக் கோவத்துல பேரு மறந்துருதுங்க. 'டேய்'னு மட்டும் வருது."

"நான் எப்போதும் கோபத்தில்தானே இருக்கிறேன்?"

"அதனாலதானுங்க ரெண்டு மாசம் ஆச்சு."

அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் கடைசிவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இங்கே 'அவர்' என்று எழுதும்போது கை தடுமாறுகிறது.

இனிப்பை நான் மருந்தாக மட்டுமே தின்றுகொண்டிருந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'கூடாது' என்ற தலைப்பின்கீழ் எல்லாம் இருந்தது. வெள்ளையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனி மாதம், பலாப்பழக் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வாசலில் ஒரு பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசனை கூடாரத்துக்குள் வந்தது. நான் உள்ளே சிறுநீரை நீலக் கரைசலோடு சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறமென்றால் சர்க்கரை நிறைய. எட்டிப் பார்த்தார்.

"நீலமாத்தானே நிக்குது? ரெண்டு சொளெ தின்னுட்டு மறுக்காக் காச்சுங்க. அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"டாக்டர் கூடாதென்றார்."

"டாக்டரு ஏத்தம் ஏறுவாருங்களா?"

கேள்வி நியாயமானது. சும்மா உட்கார்ந்து தின்றேன், செங்கல் நிறம். மறுநாள் மலையேற்றத்துக்கு முன் அதே இரண்டு சுளை. ஏறி முடித்துப் பார்த்தால் நீலம். மூன்று சுளை, அப்போதும் நீலம். நான்கு, மஞ்சள். அதன்பின் ஒவ்வொன்றாகச் சோதித்து அட்டவணை போட்டேன். தேனில் பிசைந்த தினைமாவு உருண்டை ஒன்று, ஒரு மணி ஏற்றத்துக்கு. சாமை மாவும் வெல்லமும் கலந்து சுட்ட கச்சாயம் ஒன்று, அதே ஏற்றத்துக்கு. அதன் மொறுமொறுப்பான ஓரத்தைக் கடைசிவரை வைத்திருந்து தின்பேன். வறுத்த அவரைக்கொட்டை ஒரு கைப்பிடி எப்போது வேண்டுமானாலும். குழாய் செங்கல் நிறம் காட்டிய நாட்களில் வெள்ளையன் அதைத்தான் திட்டுவார். "பாவமுங்க உங்க கொழாயி. அதுக்கு ஆசெ பாசமே இல்லெ" என்பார்.

எதைக் கொடுத்தாலும் இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் கணக்கு தப்பும். "முழுசாகக் கொடு, அளவு தெரியவேண்டும்" என்றேன். "அப்படீன்னா ரெண்டாக் கொண்டாரேன். ஒடைக்காமத் தர மாட்டேனுங்க. ஒத்தையில தின்னா மருந்து. ரெண்டு பேரு தின்னாத்தான் பலகாரம்" என்றார். ஆறு வருஷமாக நான் எதையும் யாரோடும் பகிர்ந்து தின்னாதவன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி என் தவறு. மலைமேல் குண்டனி நாட்டுக்குள் முதலில் போனபோது எந்த வீட்டு எல்லையை அளந்தாலும் தேனும் தினைமாவும் வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். மறுப்பது அவமரியாதை. ஒரு நாளில் ஐந்து வீடு அளக்க வேண்டியவன், இரண்டோடு நின்றேன். நேரே ஊர்த் தலைவரான கவுண்டரிடம் போனேன். "இனிப்பு எனக்கு விஷம். தின்றால் செத்துப்போவேன். யாரும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்தேன். அவரோ ஊரைக் கூட்டி மாரியம்மன் முன்னால் வாக்கு வாங்கினார். வெள்ளையன் வீட்டையும் சேர்த்து நாற்பத்தொரு வீடும் கட்டுப்பட்டது.

நான்கு மாதம் கழித்து, வெள்ளையன் என் பையோடு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்க, இந்தப் பக்கம் எனக்கு இறங்கிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் போய் வெல்லம் கேட்டேன். அந்த அம்மாள் நடுங்கிப்போனார்.

"வேண்டாம் சாமி. வேற எது வேணாலும் கேளுங்க. மோரு தாரேன்."

"வெல்லம்."

"ஊருக் கட்டுப்பாடுங்க. எங்கையால நீங்க சாவுறதா?"

அழுதுகொண்டே மோர் கொடுத்தார். அவர் கொடுக்காதது அன்பினால்தான். நான் வாசலில் விழுந்தேன். வெள்ளையன் பள்ளம் தாண்டி ஓடிவந்து, அவர்கள் வீட்டுப் பானைக்குள் கைவிட்டு வெல்லத்தை எடுத்து என் பல்லைப் பிரித்து உள்ளே தேய்த்தாராம். எனக்கு நினைவில்லை.

வாக்கை மீறியதற்கு அவரை ஊர் நடுவில் நிறுத்தினார்கள். நான் கணையம், சுரப்பு என்று அரைமணி நேரம் விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. வெள்ளையன் சொன்னது நாலு வார்த்தை: "அவரு மருந்து குத்திக்கறாருங்க. குத்துன மருந்துக்குத் தீனி வேணும். தீனி இல்லீன்னா அது அவரையே தின்னுரும். எப்பப் பசிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

கவுண்டர் முடிவு சொன்னார். அம்மன் முன் கொடுத்த வாக்கை ஊர் திரும்ப எடுக்க முடியாது, கேட்டவரே எடுக்கவேண்டும். அதற்குச் சித்திரை நோம்பி என்ற மூன்று நாள் திருவிழாவின்போது வந்து, நாற்பத்தொரு வீட்டிலும் இனிப்பில் கை நனைக்கவேண்டும். அதுவரை? "வெள்ளையன் கையால மட்டும்" என்றார்.

இரண்டு நோம்பி வந்து போயிற்று. இரண்டு தடவையும் நான் சேலத்துக்கு இறங்கிவிட்டேன். மூன்று நாள் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமையில்லை. வெள்ளையன்தான் இருக்கிறாரே என்ற தைரியம் வேறு. போன மாதம்கூடக் கேட்டார். "இந்த நோம்பிக்கு இருங்க. நானும் கூட வாரேன். நாப்பத்தொரு ஊட்டுலயும் பாதி பாதியாத் திம்போம். எனக்கும் வயசாகுது, எத்தனெ நாளைக்கு உங்க வசவெக் கேட்டுக்கிட்டே முன்னால நடக்கறது?"

"பார்க்கலாம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை சடையனோடு மலையேறினேன். பாதி வழியில் அவர் தன் ஊருக்குப் பிரிந்துவிட்டார். உச்சிப்பொழுதில் வெள்ளையன் வீட்டை அடைந்தேன். அவர் மனைவி நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டேன். அவர் என் சட்டையையே பார்த்தார். வேர்வையில் நனைந்திருந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு எறங்குது."

"இல்லை" என்றேன்.

எழுந்து உள்ளே போய், ஆணியில் தொங்கிய வெள்ளையனின் வேலைப் பையை எடுத்துவந்து என் முன் தரையில் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நான் குடுக்கலீங்க. அவரு வெச்சிருந்தது. எடுத்துக்குங்க."

பைக்குள் வாழைச்சருகில் மடித்த வெல்லம் இருந்தது. எடுத்து இரண்டாக உடைத்தேன். பழக்கம். ஒரு பாதியைத் தின்றேன். மறுபாதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.

"அதெயுந் தின்னுருங்க" என்றார், திரும்பாமலே.

தின்றேன்.

வெள்ளையனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு அட்டவணையும், இனிப்பை மருந்தாகத் தின்னக்கூடாது என்ற பிடிவாதமும். இரண்டாவதை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. அதற்கு ஆள் வேண்டும். நேற்று புது செயின்மேன் வந்தார். நூறடி தள்ளி நின்று, நான் கத்தினால் பயப்படுகிறார். நாள் முழுவதும் வேலையைத் தவிர வேறு வார்த்தை பேசாமல் கூடாரத்துக்குத் திரும்பினேன்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளையே ஊர்க்கவுண்டரிடம் போய், வாக்கை எடுக்க நோம்பிக்கு வருவதாகச் சொல்வேன். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன்.

2. அன்று மோர் கொடுத்த அம்மாளிடம், அவர் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொல்வேன்.

3. புது செயின்மேனுக்கு என் நோயைச் சொல்லித் தருவேன். அவர் பெயர் ராமன்.

4. நோம்பியில் நாற்பது வீட்டிலும் கை நனைப்பேன். ஒரு வீட்டுக்கு விரல் நுனியளவு, நாளுக்குப் பதினான்குக்கு மேல் இல்லை, இடையில் நடை. ஊசி அளவைக் கணக்குப் போட்டுவிட்டேன்.

5. மிச்சமுள்ள ஒரு வீடு வெள்ளையனுடையது. சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் அங்கே இனிப்புச் சுடமாட்டார்கள். அந்த வீட்டு வெல்லத்தை ஏற்கெனவே தின்றாயிற்று; அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன். கடிகாரத்தை முகாமிலேயே வைத்துவிட்டுப் போவேன்.