கலையாத புள்ளி

என் சோதனை ஜெயித்த அன்று, அது தோற்றிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

என் கார் பட்டறையில் கிடந்ததால் அண்ணன் என்னை ஏற்றிப்போக ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து அந்தக் கனத்த பூட்ஸோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னும் முடியலையா லா?"

எங்கே முடிவது! மலைப்பாதைப் பனிமூட்டத்தில் கார் விளக்கின் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுமே, சதைக்குள்ளும் ஒளி அப்படித்தான். எப்படிச் சிதறுகிறது என்று கணினி பார்த்துப் பழகி, அதற்கேற்ப ஒளியை மாற்றி அனுப்பினால், சிதறியதெல்லாம் மறுபக்கம் ஒரே புள்ளியில் வந்து கூடும். பாசாரில் வாங்கிய கோழிச் சதையில் அந்தப் புள்ளி அசையாமல் நிற்கும். உயிருள்ள உடம்பில் நிற்காது. உள்ளே ரத்தம் ஓட ஓட ஒளியின் வழி மாறிவிடும். புள்ளி உடனே கலைந்துவிடும். கலைவதற்குள் பிடிக்கத்தான் மாதக்கணக்கில் மாரடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தன் கைவிரலைக் கருவியின் சின்ன மேடையில் வைத்தார். மெல்லிய சிவப்பு ஒளி, தோலுக்குக் கெடுதல் இல்லை. புள்ளி எழுந்தது, கலைந்தது.

"கை ஆடும் மா. காலை வெச்சுப் பாரு, கால் ஆடாது."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். வலது பூட்ஸைக் கழற்றி, சுண்டுவிரலை மேடையில் வைத்தார். புள்ளி எழுந்தது. நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்போதும் நின்றது.

"அண்ணே!" என்று கத்தியே விட்டேன்.

"பாத்தியா? செலை மாரி இருக்கேன்ல?"

ஏதாவது பிசகியிருக்கும் என்று சந்தேகப்பட்டு என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். புள்ளி உடனே கலைந்தது. மறுபடி அவருடையதை வைத்தேன். ரத்தம் ஓடாத கோழிச் சதையில் நிற்கிற மாதிரியே நின்றது. என் சந்தோஷமெல்லாம் வற்றிப்போனது. விரலைத் தொட்டேன். சில்லென்றிருந்தது, நகத்தின் ஓரம் கறுத்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"பூட்ஸ் டைட்டு லா. கொஞ்ச நாளா மரத்துப் போவுது. இனிப்புநீர் வியாதி இருந்தா இதெல்லாம் வரும்தான?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரு."

"திங்கக்கெழம ஷிப்ட் இருக்கு. அப்புறம் பாக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கால் இருந்தாதான் அண்ணே ஷிப்ட்டு!" என்று அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியைப் பிடுங்கினேன். ஈப்போ வரைக்கும் நானே ஓட்டினேன். பழைய ரப்பர் தோட்டத்து வளைவுகளில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் வலது காலை மடியில் தூக்கிவைத்து அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பயந்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் பாதத்தில் நாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் காட்டும் சின்னக் கருவியை வைத்து, இடம் மாற்றி மாற்றி அழுத்தினார். வெறும் இரைச்சல். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், போனை எடுத்து அறுவைக்கூடத்தைக் கூப்பிட்டார்.

முழங்காலுக்குக் கீழே அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்தார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. கால் தங்குமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

காயம் ஆறியதும் ஊன்றுகோலோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நல்லபடியாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தெம்பில், "ஒன் மெஷின்ல இந்த வெரல்லயும் நிக்குதா பாரு" என்று அடுத்த விரலைத் தானாகவே மேடையில் வைத்தார். விசையைத் தட்டக் கை வரவில்லை எனக்கு. நின்றுவிடக் கூடாதே, நின்றுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் முனகிக்கொண்டே தட்டினேன்.

புள்ளி எழுந்தது. கலைந்தது. மறுபடி எழுந்து, மறுபடி கலைந்தது.

"போச்சா?" என்றார்.

"போச்சுண்ணே."

"அதுக்கு ஏன் அழுவுற? அடுத்த தடவ நிக்கும் லா."

நிற்கவே வேண்டாம் என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.