தெல்ஃபினா எழுதிக் கொடுத்த பவர்

எங்கள் ஊர் குவாலசேயோவில் மூன்று மாடி வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் ஆள் இருப்பதுதான் குறைவு. சொந்தக்காரர்கள் நியூயார்க்கில் இருக்கிறார்கள். மனை வாங்கியது, சுவர் எழுப்பியது, கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது எல்லாம் அவர்களுடைய அம்மாக்கள். அந்த அம்மாக்களில் தெல்ஃபினா குவாரகாவைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. நோட்டரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். என் மேசைக்கு வராத அம்மா இந்த ஊரில் கிடையாது. அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

தெல்ஃபினா சந்தையில் பன்றிக்கறி விற்றவள். முழுப் பன்றியைச் சூளையில் சுட்டு, முன்னால் கிடத்தி வைத்துக்கொண்டு, வேகவைத்த சோளத்தோடு கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பாள். புருஷன் போனபோது மகள் நார்சீசாவுக்கு ஒன்பது வயது. இருபத்திரண்டு வயதில் அந்த மகளும் எல்லாரையும் போல வடக்கே கிளம்பிவிட்டாள். காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவள். அங்கே இருக்கும்வரை இருக்கலாம். ஒரு தடவை இங்கே வந்துவிட்டால் மறுபடி போக முடியாது. அங்கே சலவைக் கடையில் வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். இருபத்தொரு வருஷமாகத் தாயும் மகளும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வடக்கே போனவர்கள் கொஞ்சம் காலூன்றியதும் அங்கே உள்ள நம் தூதரகத்துக்குப் போய் அம்மாவுக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி அனுப்புவார்கள். என் பெயரில் நிலம் வாங்கவும், கையெழுத்துப் போடவும், வழக்காடவும் என் தாய்க்கு அதிகாரம் தருகிறேன் என்று இருக்கும். மற்ற அம்மாக்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். தெல்ஃபினா பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

மின்சார அலுவலகத்தில் ஒருநாள் நான் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். "மீட்டர் யார் பேருக்கும்மா? நீங்க யாரு?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

"நான்தான் நார்சீசா."

"இருபத்தாறு வயசுன்னு போட்டிருக்கு. உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே!"

"பத்திரத்தப் படிப்பா. நான் பேசினா அவ பேசின மாதிரின்னு எழுதியிருக்கு. இப்ப அவ சொல்றா, இன்னிக்கே மீட்டர மாட்டு."

மாட்டினார்கள். கொத்தனார் ஜன்னலைத் தெருப் பக்கம் வைக்காமல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டான் என்று இரண்டு தடவை பெயர்க்க வைத்தாள். பாதிரியார் வந்து வீட்டைப் புனிதப்படுத்தியபோதுகூட அவரிடம் உறையை எடுத்துக் காட்டினாள் என்று சொல்வார்கள். செய்யக்கூடியவள்தான்.

போன வருஷம் ஒரே காலையில் மூன்று தடவை என் மேசைக்கு வந்து, "நார்சீசாகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். மூன்றாவது தடவை நான் எரிந்து விழுந்தேன். "எத்தன தடவ சொல்றது? காதுல விழலையா?" என்றேன். அவள் சின்னப்பிள்ளை மாதிரி விழித்தாள். அந்த முழி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமல் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து அடுப்பை மூடினார்கள். பக்கத்து நகரம் குவென்காவுக்கு நானே அவளை அழைத்துப் போனேன். மறதி நோய், கூடுமே தவிரக் குறையாது என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான். இந்த அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன அதிகாரம்? ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வங்கியில் கேட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டார்கள். அதிகாரம் இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தெல்ஃபினாவை நீதிபதி முன் நிறுத்தி, புத்தி சுவாதீனம் இல்லாதவள் என்று எழுதி வாங்கி, உள்ளூரில் இருக்கும் உறவு யாரையாவது பொறுப்பாக்குவார்கள். உள்ளூரில் இருப்பது அவள் கொழுந்தன் எலாடியோ மட்டும். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "எனக்கே ரெண்டு முட்டியும் போச்சு. குவென்கால முதியோர் இல்லம் இருக்கு, கன்னியாஸ்திரிங்க நல்லா பாத்துக்குவாங்க."

நார்சீசா போனில் அழுதாள். "அம்மா கட்டின வீட்ட விட்டு அவங்களக் கிளப்ப விடாதீங்கக்கா. நான் ஆள் வச்சுப் பாத்துக்கறேன். என் கைல அதிகாரம் மட்டும் வாங்கிக் குடுங்க."

"இதுக்கா அழற? தூதரகத்துக்குப் போ. பவர் எழுதி அனுப்பு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை, தானாக வாயில் வந்துவிட்டது. அவளும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் அதுதானே மருந்து. தூதரகத்தில் முறை கிடைக்க மாதக்கணக்காயிற்று. ஒருநாள் வேலையை விட்டுப் போய் எழுதி அனுப்பினாள். வந்து சேர்ந்தபோது நாலு மாதம் கழிந்திருந்தது. நான் முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், உள்ளே படிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி மேசையில் பெருமையாக நீட்டினேன்.

அங்கிருந்த பெண் நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, இதுல மகள் தாய்க்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. மகளோட காரியத்தத் தாய் பாத்துக்கணுமாம். உங்களுக்கு வேண்டியது தாய் மகளுக்குக் குடுக்கிற பவர் இல்லையா?"

பத்திரத்தைத் திரும்ப வாங்கிப் படித்தேன். இருபத்தாறு வருஷம் பத்திரம் அடித்தவள்! பத்திரம் என்றால் வடக்கேயிருந்து தெற்கே வருவது. அது மட்டும்தான் என் கண்ணில் பட்டிருந்தது. நோய் கண்டவளுக்கே, நீ உன் மகளைப் பார்த்துக்கொள் என்று மறுபடியும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. போன அந்த நாலு மாதத்தில் தெல்ஃபினாவும் நிறையப் போயிருந்தாள்.

நார்சீசா கத்துவாள் என்று நினைத்தேன். அவள், "அம்மாவுக்கு இன்னும் புரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் விஷயம். பவர் கொடுக்கிறவருக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நோட்டரி அஸ்துதீயோ அதில் மயிரிழையும் விட்டுக்கொடுக்கமாட்டார். "வீட்டுக்கே வர்றேன், லுக்ரேசியா. நானே கேப்பேன். நீ தட்டச்சு பண்ணத்தான் கூட வர்ற. அவங்களுக்கு ஒரு வார்த்த எடுத்துக் குடுத்தாலும் நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றார்.

முதல் தடவை ஒரு வியாழக்கிழமை பிற்பகல் போனோம். "அம்மா, இந்தப் பத்திரம் எதுக்குன்னு சொல்லுங்க" என்றார். தெல்ஃபினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஜன்னல மறுபடியும் தப்பா வச்சிட்டு எந்த மூஞ்சியோட வந்து நிக்கிற? பாதிக் கூலிதான் தருவேன், போ." அவர் மரியாதையாகப் பையை மூடிக்கொண்டார். வாசலில் என்னிடம், "காலைல எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார். காலையில் தேவலை என்றேன். "இன்னும் ஒரு தடவை வர்றேன். அப்பவும் இப்படின்னா கோர்ட்டுதான்" என்றார்.

இதற்கு நடுவில் எலாடியோ, இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருப்பதாகச் சொல்லியனுப்பினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் போனபோது தெல்ஃபினா அடுக்களையில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நோட்டரி எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். நான் மூலையில் மடியில் கணினியோடு.

"உங்க பேரு?"

"தெல்ஃபினா குவாரகா. உங்களுக்குப் பன்னி குடுத்திருக்கேன். தோல் மொறுமொறுன்னு வேணும்னு நச்சரிப்பீங்களே."

"இன்னிக்கு என்ன தேதி?"

"ஆபீஸ்ல காலண்டர் இல்லையா உங்களுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க எத்தன பேரு?"

"ஒருத்தி. நியூயார்க்ல ஊரார் துணியெல்லாம் துவைக்கிறா. இங்க இருந்தப்ப ஒரு கைக்குட்டை துவைச்சதில்ல."

அவர் பத்திரத்தின் வரைவை அவள் முன்னால் வைத்தார். "இது என்னம்மா?"

தெல்ஃபினா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். புரட்டினாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கத்திச் சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பவரு," என்றாள். "நான் நார்சீசாவுக்குக் குடுக்கிறது."

"எப்பவும் அவங்கதானே உங்களுக்குக் குடுப்பாங்க. இப்ப ஏன் நீங்க குடுக்கிறீங்க?"

"என்ன ஐயா, நோட்டரி நீங்க, இதுகூடவா தெரியாது? போறவங்கதான் இருக்கிறவங்களுக்கு எழுதிக் குடுக்கணும். அப்ப அவ போனா, அவ குடுத்தா. இப்ப போறது நான்."

"எங்கம்மா போறீங்க?"

அவள் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்குள்ளேருந்துதான். தினம் கொஞ்சம் கொஞ்சமா. போன தடவ நீங்க வந்தப்பவும் நான் இங்க இல்ல போலிருக்கு. யாரும் சொல்லல, லுக்ரேசியா மூஞ்சியப் பாத்தேன். நான் போனப்புறம் என்னைய வச்சுக்கிறதா, அனுப்புறதா, எங்க படுக்க வைக்கிறதுன்னு யாராவது முடிவு பண்ணணும் இல்ல? அவ பண்ணட்டும். அவ பேசினா நான் பேசின மாதிரி."

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக வாசகத்தைச் சொல்லிக்கொண்டே போனார். நான் அடித்தேன். ஒரு பக்கத்தில் ஆறு பிழை விட்டேன். திருத்தி, கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். தெல்ஃபினா ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் நார்சீசாவைப் போனில் கூப்பிட்டேன். "ஆயிடுச்சு. உன் அம்மாவே போட்டுட்டாங்க" என்று சொல்லி, போனை அடுக்களைப் பலகையில் நிறுத்தினேன். சலவைக் கடைச் சத்தத்துக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது.

எங்கள் பக்கம் ஊரை விட்டுப் போகிறவர்கள் அம்மா முன்னால் மண்டியிட்டு ஆசீர்வாதம் வாங்காமல் படியிறங்க மாட்டார்கள். தெல்ஃபினா முக்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினாள். எழுபத்து நாலு வயது முழங்கால். நான் தடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். போனைப் பார்த்து மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"ஆசீர்வாதம் குடுடி, மகளே."

"அம்மா, எந்திரிங்கம்மா. நான் எப்படிம்மா உங்களுக்கு..." என்றாள் நார்சீசா.

"குடு. எனக்கு நேரமாகுது."

இருபத்தொரு வருஷத்துக்கு முன் தான் மண்டியிட்டபோது அம்மா வாயால் என்ன கேட்டிருப்பாளோ, அதையே திருப்பிச் சொன்னாள் நார்சீசா. கையை உயர்த்தி, கண்ணாடித் திரையில் சிலுவை வரைந்தாள்.

"கடவுளும் மாதாவும் உன் கூடவே நடக்கட்டும். வழியில பயப்படாத. போய்ச் சேந்ததும் ஒரு வார்த்த சொல்லு, அம்மா."

"சொல்றேன்," என்றாள் தெல்ஃபினா.