வீரமுத்து சொன்ன கூலி

செல்லப்பன் பொருளாதாரம் படித்தது நாட்டுக்குச் சேவை செய்ய அல்ல. வீரமுத்துவைப் பழிவாங்க.

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே செல்லப்பனின் ஊர்; அதில் பாதி நிலம் வீரமுத்துவுடையது. 1974இல் கடலை பிடுங்கி முடித்த அன்று, பேசிய கூலியைக் கேட்டார் செல்லப்பனின் அப்பா மாயவன். ஊர் பார்க்க அடித்தார் வீரமுத்து. மாயவனுக்கு இரண்டு காதும் போயிற்று.

செல்லப்பன் அப்போது அரியலூர்க் கல்லூரியில் புகுமுக வகுப்பு. அரிவாளைத் தேடியவனைத் தடுத்தது அம்மா ஆண்டாயி.

"வெட்டிப்புட்டா அவனுக்கு ஒரு நாளு வலிதான். நீ படி. நாளெல்லாம் வலிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணு."

பொருளாதாரம் எடுத்துப் படித்தான். 1979இல் சென்னையில், மாநில வருமானத்தை மதிப்பிடும் பிரிவில் வேலை கிடைத்தது. சில ஊர்களிலிருந்து மாதாமாதம் விவசாயக் கூலி விவரம் அங்கே வரும். அதை ஆட்களாலும் வேலை நாட்களாலும் பெருக்கி, கிராமத்து உழைப்பாளிகளின் வருமானத்தை மதிப்பிடுவார்கள். ஒரு நாள் காகிதக் கட்டைப் புரட்டியவன் தன் ஊர்ப் பெயரைப் பார்த்தான். பெண்ணுக்கு நாள் கூலி மூன்றரை ரூபாய். தகவல் தந்தவர் வீரமுத்து.

ஆண்டாயி வாங்கிக்கொண்டிருந்தது ஒன்றேகால்.

"ஒரு ஊருதானேப்பா, சராசரியில கரைஞ்சிடும்," என்றார் மேலதிகாரி. செல்லப்பன் மனதில் அது கரையவில்லை. அடித்தவனே அளந்து சொல்கிறான், அதை அரசாங்கம் எழுதிக்கொள்கிறது. கூலி விவரங்களை நேரில் சரிபார்க்க வேண்டும் என்று நான்கு வருடம் விடாமல் குறிப்பெழுதினான். 1983இல் அனுமதி வந்தது. பன்னிரண்டு ஊர்களில் அவன் ஊரும் ஒன்று. அது சொந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முந்திரிக் காலம். ஜீப்பிலிருந்து இறங்கியவனை, "வாங்க சார்" என்று கும்பிட்டு நாற்காலி போட்டார் வீரமுத்து. கிட்டே வந்ததும் முகம் மாறியது.

"மாயவன் மவன்தானே நீ?"

"ஆமா. பொம்பளையாளுக்கு என்ன கூலி குடுக்கிறீங்க?"

"ஏழு ரூபா."

எழுதிக்கொண்டான். பிறகு, வேலையாட்களையும் கேட்டாக வேண்டும் என்று களத்திலிருந்த பெண்களைக் கூப்பிட்டான். வீரமுத்துவைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஓரமாக ஒதுங்கினார்கள். வீட்டிலேயே இரு என்று அவன் சொல்லிவிட்டு வந்த ஆண்டாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டேகாலு. போன வருசம் ரெண்டு. எழுதிக்கங்க சார்."

மகனைச் சார் என்றதில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு பயம் விட்டது. ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பதினோரு பக்கம் நிறைந்தது. அவர் முன்னிலையில் சொன்னது என்று ஒவ்வொரு பக்கத்திலும் வீரமுத்துவிடம் கையெழுத்து வாங்கினான் செல்லப்பன். நாற்காலியில் இருந்து அவன் எழவில்லை; அவர் பதினோரு முறை குனிந்தார். அந்தக் குனிவு ஒவ்வொன்றும் அவனுக்கு இனித்தது.

அறிக்கையின் நகல் தொழிலாளர் அதிகாரிக்குப் போய், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் வழக்கானது. சென்னையில் மேலதிகாரி திகைத்தார். "ஒரே வருசத்துல கூலி இப்படியா விழும்?"

"விழல சார். எப்பவும் அங்கதான் கெடந்துச்சு."

வழக்கு இறுகியதும், சாட்சி சொல்ல வந்து அரியலூர் லாட்ஜில் தங்கியிருந்த செல்லப்பனைத் தேடி வந்தார் வீரமுத்து. "ஒங்கப்பன அடிச்சது தப்புதான். மனசுல வச்சுக்காத. வாபஸ் வாங்கச் சொல்லு."

"அத எங்கப்பாகிட்ட சொல்லுங்க. ஊருக்கே கேக்கற மாதிரி கத்திச் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்காது."

வீரமுத்து தலை குனிந்து படியிறங்கினார். மாயவனிடம் போகவே இல்லை.

1985இல், நாற்பத்தொரு பெண்களுக்குப் பழைய பாக்கி கொடுக்கத் தீர்ப்பானது. இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பை விற்றுக் கட்டினார் வீரமுத்து. மறு வருடம் அந்தப் பெண்களின் தெருவாட்கள் யாரும் வேண்டாமென்று மீன்சுருட்டிப் பக்கமிருந்து ஆள் கூட்டி வந்தார். ஆண்டாயியும் மற்றவர்களும் வேலைக்கு நான்கு மைல் நடந்தார்கள். சிலர் செல்லப்பனைத் திட்டவும் செய்தார்கள். அவன் வருத்தப்படவில்லை.

அந்தச் சித்திரையில் ஊருக்கு வந்தவனுக்குச் சோறு போட்டபடி ஆண்டாயி சொன்னாள்: "வெளியூர் ஆளுங்க பாதியில ஓடிட்டாங்கப்பா. கூப்புட்டு அனுப்புனான், ஒருத்தியும் போவல. மரத்தடியெல்லாம் முந்திரிப்பழம் அழுவிக் கெடக்கு. நேத்து போயி நின்னு பாத்துட்டு வந்தேன்."

"சாப்புட்டு நானும் போயிப் பாக்குறேன்," என்றான் செல்லப்பன்.